ஏழாவது கேள்வி

குறிப்பு எண் 1
4 மார்ச் 2019, திங்கட்கிழமை, காலை 5.50 மணி

இன்று முதல் இந்த நாட்குறிப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் எண் இடுவதென்று முடிவு செய்திருக்கிறேன். என் மனைவி வடிவம்மாளுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். அதற்கான நடவடிக்கைகள் தேதி வாரியாக ஓரிடத்தில் இருப்பது நல்லது. ஆலையின் நேர அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் தலைமை எழுத்தராக இருந்தவன் நான். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் என் கையால் ஏட்டில் ஏறியவை. எண்ணிடாத காகிதம் காணாமற்போகும் என்பது என் அனுபவம்.

எனக்கு வயது எழுபத்தொன்று. எந்த நிறுவனமும் என்னைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளாது. வடிவுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது. விசாரித்த அளவில், அறுபத்தைந்து வயது நிறைவதற்குள் சேர வேண்டும். சான்றிதழ்படி அவள் பிறந்த நாள் 1 ஜூன் 1954. ஆகவே இன்னும் எண்பத்தொன்பது நாட்கள் உள்ளன. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதையெல்லாம் நான்தான் பார்க்க வேண்டும்.

நேற்று மாலை 6.10 மணிக்குக் கோயிலுக்குப் புறப்பட்டோம். வடிவு வழியில் இருமுறை நின்றாள். முதல்முறை இரண்டு நிமிடம், அடுத்த முறை ஒரு மின்கம்பத்தருகில் நான்கு நிமிடம். செருப்பின் வார் உறுத்துகிறது என்றாள். புதுச் செருப்பு வாங்க வேண்டும்.

இதற்கும் காப்பீட்டுக்கும் தொடர்பில்லை.

குறிப்பு எண் 2
7 மார்ச் 2019, வியாழக்கிழமை, பிற்பகல் 12.15 மணி

ரத்தினகுமார் என்ற முகவர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லி 10.25க்கு வந்தார். கையில் ஒரு நாள்காட்டியும் அரைக்கிலோ அல்வாவும். வந்தவுடன் என்னை 'அப்பா' என்று அழைத்தார். எனக்கு அவரைப் பெற்ற நினைவில்லை. நிபந்தனைகள் அச்சிட்ட ஏட்டைக் கேட்டேன்.

"அதெல்லாம் யாருப்பா வாசிக்கா? நாப்பது பக்கம் இருக்கும். நான் இருக்கேன்ல!"

அல்வாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வடிவுக்கு அதில் வருத்தம்.

குறிப்பு எண் 3
12 மார்ச் 2019, செவ்வாய்க்கிழமை, மாலை 4.00 மணி

ஒரு காப்பீட்டு நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் ஒரு பெண் எனக்கு வாழ்த்துத் தெரிவித்தாள். எதற்கு என்று கேட்டேன். இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

குறிப்பு எண் 4
15 மார்ச் 2019, வெள்ளிக்கிழமை, பகல் 11.40 மணி

ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்லி ஒருவர் வந்தார். பெயர் ஜெபராணி. ஐம்பதுக்குள் வயதிருக்கும். பாளையங்கோட்டையிலேயே சிறு அலுவலகம் வைத்திருக்கிறார். பத்து மணி என்றார். வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது என் கடிகாரம் 9.58 காட்டியது. இரண்டு நிமிடம் வெளியிலேயே நின்றுவிட்டுப் பத்துக்கு அழைப்பு மணியை அழுத்தினார். இது எனக்குப் பிடித்திருந்தது.

தாம் முகவர் இல்லை, தரகர் என்றார். அவர் சொன்ன சொல் 'புரோக்கர்'. எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை என்றேன்.

"வீட்டுப் புரோக்கர் கேள்விப்பட்டிருக்கேன், மாட்டுப் புரோக்கர் கேள்விப்பட்டிருக்கேன். சீக்குக்குமா புரோக்கர்?"

"இருக்கோம் அண்ணாச்சி. மாட்டுப் புரோக்கர் துண்டு போட்டு மறைச்சு விரலப் புடிச்சு வெல பேசுவாரு. நான் துண்ட எடுத்துட்டுப் பேசுவேன், அவ்வளவுதான் வித்தியாசம்." சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். "ஏஜெண்டுன்னா கம்பெனி ஆளு. ஒரே கம்பெனிச் சரக்கத்தான் விப்பாரு. புரோக்கர்னா ஒங்க ஆளு. பத்துக் கம்பெனியப் பாத்து ஒங்களுக்கு எது சரியோ அதச் சொல்லணும். நாளைக்கு ஆஸ்பத்திரில பணம் தரமாட்டேன்னு கம்பெனி சொன்னா, ஒங்க பக்கம் நின்னு சண்ட போடணும்."

நிபந்தனை ஏட்டைக் கேட்டேன். மூன்று நிறுவனங்களுடையதை எடுத்து வைத்தார். மூன்றிலும் முக்கியமான இடங்களில் காகிதத் துண்டு செருகியிருந்தார்.

வடிவு காபி கொண்டுவந்தாள். "ஒக்காருங்க அக்கா" என்றவர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "அவுகள அண்ணாச்சின்னுட்டேன். அப்பம் நீங்க எனக்கு மதினில்லா!"

"மதினியா இருந்தா என்ன, அக்காவா இருந்தா என்ன. எனக்கு ஒண்ணும் இல்ல தாயி. இவுகளுக்குத்தான் எதையாவது எழுதிக்கிட்டே இருக்கணும்" என்றாள் வடிவு.

ஜெபராணியை அமர்த்திக்கொள்வதென்று முடிவு செய்தேன்.

குறிப்பு எண் 5
16 மார்ச் 2019, சனிக்கிழமை, இரவு 7.30 மணி

புதுச் செருப்பு, அளவு 6. கடையிலிருந்து அதை அணிந்தே கோயிலுக்கு நடந்தோம். வடிவு அதே மின்கம்பத்தருகில் நின்றாள். ஐந்து நிமிடம். எனவே காரணம் செருப்பன்று. வெயில். ஆனால் அப்போது நேரம் மாலை 6.35 என்பதையும் பதிவு செய்கிறேன்.

குறிப்பு எண் 6
22 மார்ச் 2019, வெள்ளிக்கிழமை, காலை 6.00 மணி

ஒரு சிக்கல் எழுந்துள்ளது. சான்றிதழில் உள்ள பிறந்த நாள் பொய்.

வடிவைப் பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் அவள் வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லியிருக்கிறார். தொட்டாள். உடனே வயது ஐந்து என்று கொண்டு ஜூன் முதல் தேதி எழுதிவிட்டார். அந்த வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகளும் ஜூன் முதல் தேதியிலேயே பிறந்தவர்கள்! ஜாதகப்படி வடிவு பிறந்தது ஜய வருடம் ஐப்பசி மாதம், அதாவது 9 நவம்பர் 1954, செவ்வாய்க்கிழமை. உண்மையான தேதியைத்தான் எழுத வேண்டும் என்று ஜெபராணிக்குத் தொலைபேசினேன்.

"அண்ணாச்சி, ஆதார்ல ஜூன் ஒண்ணு. பேங்க்ல ஜூன் ஒண்ணு. வோட்டர் அட்டைல ஜூன் ஒண்ணு. நீங்க மட்டும் நவம்பர்னா கம்பெனிக்காரன் ரெண்டு வடிவம்மாளத் தேடுவான்."

"பொய்யான தேதில நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"போடுறது மதினி கையெழுத்து. இருக்க நாளு குறைவு. தேதிய விடுங்க, உடம்பப் பத்துன கேள்விகள முடிப்போம். நான் நாளைக்கே வாரேன்."

தேதியைத் திருத்தும் வழியை முதலில் ஆராய்ந்துவிட்டு மற்றவற்றைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். அவசரம் காரியத்தைக் கெடுக்கும்.

இன்று காலை பூசையின்போது சாம்பிராணிப் புகை அதிகம். வடிவு நடுவில் எழுந்துபோய் நாற்காலியில் அமர்ந்தாள். ஆறு நிமிடம். இனி சாம்பிராணி வேண்டாம்.

குறிப்பு எண் 7
3 ஏப்ரல் 2019, புதன்கிழமை, மாலை 5.10 மணி

வடிவு படித்த பள்ளிக்கு இருவரும் சென்று வந்தோம். சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேட்டேன். இப்போதைய தலைமையாசிரியைக்கு முப்பத்தைந்து வயதுகூட இராது. "அறுபது வருஷத்துக்கு முன்னாடி உள்ள ரெஜிஸ்டரா தாத்தா? அதத் தின்ன கரையானே பதவி உயர்வு வாங்கிட்டுப் போயிருக்கும்" என்றார். மரியாதையற்ற பேச்சு. ஆனாலும் ஒரு மணி நேரம் தேடினார். கிடைக்கவில்லை.

அவ்வளவு நேரமும் வடிவு வராந்தாவில் தூணில் சாய்ந்து அமர்ந்திருந்தாள். புறப்படலாம் என்றபோது இன்னும் கொஞ்சம் இருப்போம் என்றாள். படித்த இடமல்லவா, பிரிய மனமில்லாமல் இருக்கலாம். நெற்றியில் வியர்வை. பதினொரு நிமிடம்.

தேதித் திருத்தத்தை இத்துடன் கைவிடுகிறேன். பன்னிரண்டு நாட்கள் சென்றன.

குறிப்பு எண் 8
5 ஏப்ரல் 2019, வெள்ளிக்கிழமை, காலை 9.00 மணி

மொட்டைமாடியில் துணி காயப்போடும் வேலையை இன்று முதல் நான் ஏற்றுக்கொண்டேன். காரணம்: எனக்கு உடற்பயிற்சி தேவை.

குறிப்பு எண் 9
9 ஏப்ரல் 2019, செவ்வாய்க்கிழமை, பகல் 12.30 மணி

இன்று படிவம் நிரப்பப்பட்டது. ஜெபராணி கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தார். நான் விடை சொன்னேன். வடிவு அடுக்களையில் இருந்தாள். சர்க்கரை நோய்? இல்லை. காசநோய்? இல்லை. அறுவைச் சிகிச்சை? உண்டு, கர்ப்பப்பை நீக்கம், 14 செப்டம்பர் 1998, வீடு திரும்பியது 22ஆம் தேதி பகல் 1.15.

"மணி வேண்டாம் அண்ணாச்சி. கட்டத்துல எடமில்ல."

ஏழாவது கேள்வி: கடந்த நான்கு ஆண்டுகளில் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நடக்கும்போது அல்லது படியேறும்போது அசாதாரணக் களைப்பு ஆகியவற்றில் ஏதேனும் உண்டா?

இல்லை என்றேன்.

"மதினிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடலாமா?"

"நாப்பத்தி மூணு வருசமா கூட இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

எழுதினார். பிறகு வடிவை அழைத்துக் கையெழுத்து வாங்கினோம். அவள் எதையும் வாசிக்கவில்லை. கையில் மாவு இருந்ததால் பேனாவை இரண்டு விரலால் பிடித்துப் போட்டாள். ஜெபராணி படிவத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஓராண்டாகச் சாப்பிட்ட மாத்திரைகள், மருத்துவரைப் பார்த்த நாட்கள் ஆகியவற்றின் பட்டியல் கிடைத்ததும் அனுப்பிவிடலாம் என்றார்.

குறிப்பு எண் 10
12 ஏப்ரல் 2019, வெள்ளிக்கிழமை, காலை 5.50 மணி

வடிவு இப்போது மூன்று தலையணை கேட்கிறாள். புதிய பஞ்சுத் தலையணை சொல்லியிருக்கிறேன். பழையவை அமுங்கிவிட்டன என்பதே காரணமாக இருக்கும்.

குறிப்பு எண் 11
16 ஏப்ரல் 2019, செவ்வாய்க்கிழமை, மாலை 3.45 மணி

பட்டியலைத் தயாரிக்க ஜெபராணியிடம் என் 2018ஆம் ஆண்டு நாட்குறிப்பையும் நடப்பு நாட்குறிப்பையும் இன்று கொடுக்கிறேன். வடிவு மாத்திரை வாங்கிய நாட்கள் எல்லாம் இவற்றில் உள்ளன. வேறு எந்த வாடிக்கையாளராவது இப்படிப்பட்ட ஆவணம் கொடுத்திருப்பாரா என்று கேட்டேன். "என் சர்வீஸ்ல இதுதான் முதல் தடவ அண்ணாச்சி" என்றார். ஒரு சிறு பெருமை உண்டானதை மறைக்க வேண்டியதில்லை. ஏடுகள் திரும்பும்வரை தனித்தாளில் எழுதி ஒட்டப்படும்.

குறிப்பு எண் 12 (தனித்தாள், ஒட்டப்பட்டது)
18 ஏப்ரல் 2019, வியாழக்கிழமை, காலை 10.20 மணி

வாக்களித்தோம். வரிசையில் நாற்பது பேர். ஒரு காவலர் வடிவைப் பார்த்ததும் தாமாகவே பெஞ்சில் உட்காரவைத்து, பிறகு நேராக உள்ளே அழைத்துச் சென்றார். "அம்மாவுக்கு முடியலயா?" என்று என்னிடம் கேட்டார். வயதானவர்களுக்குரிய சலுகை என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் எனக்கு அவளைவிட வயது அதிகம். என்னை வரிசையில்தான் நிற்க வைத்தார்.

குறிப்பு எண் 13
20 ஏப்ரல் 2019, சனிக்கிழமை, பகல் 1.00 மணி

ஜெபராணி ஏடுகளைத் திருப்பிக் கொடுத்தார். நேற்று பெரிய வெள்ளியானதால் வர இயலவில்லை என்றார். நடப்பு ஏட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஓரத்தில் பென்சிலால் புள்ளிகள்.

"அடுத்தவன் நோட்டுல குறி போடுறது எந்த ஊர் வழக்கம்?"

"கோவப்படாதீங்க அண்ணாச்சி. ரப்பர் வச்சு அழிச்சா புள்ளி போயிரும். நீங்க எழுதிருக்கது போகாதுல்லா." ஏட்டை என் பக்கம் திருப்பினார். "ஆறு புள்ளி. மார்ச்சு மூணாந்தேதி சாயந்திரம் மதினி ரோட்டுல நின்னிருக்காவ. நாலாந்தேதி காலைல அஞ்சு அம்பதுக்கு நீங்க இன்சூரன்சு தேட ஆரம்பிச்சிருக்கீங்க. அதுக்கப்புறம் வெயிலு, சாம்பிராணி, பள்ளிக்கூடத் தூணு, மாடி, தலகாணி. ரெண்டு, நாலு, பதினோரு நிமிசம்னு கணக்குகூட எழுதிருக்கு. ஆனா ஏழாவது கேள்விக்கு 'இல்ல'ன்னு சொல்லிருக்கீங்க."

நான் ஏட்டை மூடி வைத்தேன்.

"நேத்து மூணு மணி நேர ஆராதனை. இயேசு சிலுவைல சொன்ன ஏழு வார்த்தையப் பத்திப் பிரசங்கம். எனக்கு ஏழுன்னு கேட்டாலே ஒங்க ஏழாவது கேள்விதான் ஓடுது. ஆண்டவரே மன்னிக்கணும்."

"நின்னா சரியாயிடுது. நோயா இருந்தா சரியாகுமா?"

"அத டாக்டர் சொல்லட்டும். நான் இந்தப் படிவத்த இப்படியே அனுப்ப மாட்டேன். 'உண்டு'ன்னு எழுதுனா கம்பெனி டெஸ்ட் எடுக்கச் சொல்லும். சில கம்பெனி வேண்டாம்னும் சொல்லும். சேத்துக்கிட்டா, நாலு வருசத்துக்கு இந்த ஒரு சீக்குக்கு மட்டும் பணம் தராது, மத்த எல்லாத்துக்கும் தரும். 'இல்ல'ன்னு மறைச்சா பாலிசி சுளுவா வந்துரும். நாளைக்கு மதினி ஆஸ்பத்திரில கெடக்கயில, இவ்வளவு நாளா இருந்த சீக்கு இதுன்னு டாக்டர் ஒரு வரி எழுதுவாரு. அன்னைக்கு எதுக்குமே தரமாட்டான்."

"நீ என் ஆளுன்னுதான சொன்ன?"

"ஒங்க ஆளுங்கதாலதான் சொல்லுதேன். கம்பெனி ஆளா இருந்தா வாங்கிட்டுப் போயிருப்பேன்."

இனி வர வேண்டாம் என்றேன். அவர் வாதாடவில்லை. வடிவு கையெழுத்திட்ட படிவத்தை மேசைமேல் வைத்தார். "பாலிசி கெடக்கட்டும். மதினிய டாக்டர்ட்டக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுக்களையில் மிக்ஸி வெகு நேரத்துக்கு முன்பே நின்றிருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

குறிப்பு எண் 14
22 ஏப்ரல் 2019, திங்கட்கிழமை, காலை 11.00 மணி

ரத்தினகுமாருக்குத் தொலைபேசினேன். இன்னும் நாற்பது நாட்கள்.

குறிப்பு எண் 15
25 ஏப்ரல் 2019, வியாழக்கிழமை, மாலை 4.30 மணி

இன்று நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டும். நண்பகலிலிருந்து மூன்று முறை உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன்.

ரத்தினகுமார் 10.50க்கு வந்தார். படிவத்தை வீட்டிலேயே நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். வடிவின் பிறந்த நாள் 6 ஜனவரி என்றிருந்தது. நாளையும் மாதத்தையும் மாற்றிப் போட்டிருக்கிறார். அவள் தகப்பனார் பெயர் பிழை. கதவு எண் பிழை. உடல்நலக் கேள்விகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விடை எழுதாமல், 'இல்லை' என்ற கட்டங்களின் வழியே மேலிருந்து கீழாக ஒரே கோடு இழுத்திருந்தார்.

பிறந்த நாளைத் திருத்தினேன். பெயரைத் திருத்தினேன். கதவு எண்ணைத் திருத்தினேன். இதற்குப் பதினெட்டு நிமிடம் ஆயிற்று. கோட்டைத் தொடவில்லை.

"எல்லாம் முடிஞ்சுதுப்பா. அம்மா கையெழுத்து ஒண்ணுதான்."

வடிவை அழைத்தேன். முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து என் எதிரே அமர்ந்தாள். பேனாவை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். எழுதவில்லை.

"என்ன எழுதிருக்கு? வாசிங்க."

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. நான் பாத்துட்டேன்."

"ஏழாவது கேள்விய வாசிங்க. அன்னைக்கு அந்தப் பிள்ள சொன்னால்லா, அது."

வாசித்தேன். இந்தப் படிவத்திலும் அதுதான் ஏழாவது. என் குரல் நேர அலுவலகத்தில் பெயர் வாசிக்கும்போது இருந்ததைப் போலவே இருந்திருக்க வேண்டும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நடக்கும்போது அல்லது படியேறும்போது அசாதாரணக் களைப்பு, இவற்றில் ஏதேனும் உண்டா?

"உண்டு" என்றாள் வடிவு.

ரத்தினகுமார் சிரித்தார். "அம்மா, வயசானா எல்லாருக்கும் மூச்சு வாங்கத்தான் செய்யும். எனக்கே மாடி ஏறுனா வாங்குது."

"அப்பம் நீயும் 'உண்டு'ன்னு எழுது தம்பி."

அவர் என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன். வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். வடிவு அவரை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு நிமிசம், நாலு நிமிசம், பதினோரு நிமிசம்… எல்லாம் எழுதி வச்சிருக்கீங்களாம். பக்கத்துலதான நின்னீங்க? என்ன செய்யுதுன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நீதான் செருப்புன்னு சொன்ன."

"ஆமா, சொன்னேன். நெஞ்சுன்னு சொன்னா நீங்க நோட்டுல எழுதுவீங்க. எழுதிட்டா அது உள்ளதுன்னு ஆயிரும். எனக்கும் பயந்தான்."

வெளியே குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமை தண்ணீர் வரும் நாள். நான் எழுந்துபோய்க் குடத்தை வைக்கவில்லை.

"என்ன செய்யுது?" என்று கேட்டேன். நேரம் முற்பகல் 11.40.

அவள் சொன்னாள். நடுநெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றி வைத்ததைப் போலத் தொடங்கி இடக்கை வழியாக இறங்குமாம். எப்போதிருந்து என்று கேட்டேன். "ஒங்க நோட்டுல இல்லாத தேதி ஒண்ணு இருக்கு" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

ரத்தினகுமாரின் படிவத்தை நான்காகக் கிழித்தேன்.

குறிப்பு எண் 16
26 ஏப்ரல் 2019, வெள்ளிக்கிழமை, காலை 7.15 மணி

மருத்துவரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கியாயிற்று. வடிவு என்னிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கிக்கொண்டாள். எதற்கென்று சொல்லவில்லை.

குறிப்பு எண் 17
29 ஏப்ரல் 2019, திங்கட்கிழமை, பகல் 2.00 மணி

ஓடுபொறியில் வடிவை நடக்கவைத்துச் சோதித்தார்கள். ஒன்பது நிமிடம் நடக்க வேண்டிய சோதனை. மூன்றாவது நிமிடத்தில் மருத்துவரே பொறியை நிறுத்தினார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தேன். வழக்கத்தினால் கடிகாரத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.

மருத்துவர் இளைஞர். "எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் வடிவு என் முழங்கையைத் தொட்டாள். "நான் சொல்லுதேன் டாக்டர்" என்றாள். என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

ஆஞ்சியோகிராம் மே 7.

குறிப்பு எண் 18
2 மே 2019, வியாழக்கிழமை, பகல் 12.10 மணி

ஜெபராணியின் அலுவலகத்துக்கு நேரில் சென்றேன். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. அவர் யாரிடமோ தொலைபேசியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "அந்த அம்மா மறைக்கல சார், படிவத்துல எழுதிருக்கு. மூணாம் பக்கம் பாருங்க. நான் இருக்கேன், நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க." யாரோ ஒரு நோயாளிக்காக ஒரு நிறுவனத்துடன் பேசுகிறார் என்று தெரிந்தது. பத்து நிமிடம் நான் நின்றேன். அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னதை நான் முதலில் கவனிக்கவில்லை.

பேசி முடித்ததும் எழுந்து நின்றார். "மதினி எப்படி இருக்காவ?"

பாலிசியைப் பற்றி அவர் முதலில் கேட்கவில்லை என்பதை இங்கே குறிக்கிறேன்.

"ஏப்ரல் 20ஆம் தேதி நான் பேசியது சரியில்லை" என்றேன். இந்த வாக்கியத்தை வீட்டிலேயே அமைத்துக்கொண்டு போயிருந்தேன். எழுத்து நடையிலேயே வெளிவந்துவிட்டது.

"ஐயோ அண்ணாச்சி, ராஜினாமாக் கடிதம் மாதிரிச் சொல்லாதீங்க. ஒக்காருங்க. காபி சொல்லட்டா?"

ஒரே ஒரு நிறுவனத்தில், நோய் உண்டென்று உண்மையை எழுதியவர்களின் படிவங்களை எடுத்தவுடன் நிராகரித்துவிடாமல் அதிகாரி ஒருவரே படித்து முடிவு செய்கிறாராம். சேர்த்துக்கொள்ளும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் கேட்கலாம் என்றார். ஜூன் முதல் தேதிக்குள் அவர்கள் முடிவு செய்ய வேண்டுமானால், மே 10க்குள் படிவத்தை அனுப்பிவிட வேண்டும். சோதனை அறிக்கைகள் எல்லாம் வேண்டும்.

"கூட ஒரு கடிதம் வையுங்க. நல்லா விவரமா எழுதுங்க. அதுல ஒங்கள அடிச்சுக்க ஆளு கிடையாது. ஆனா ஒண்ணு. மதினிட்டக் கேட்டு எழுதுங்க."

குறிப்பு எண் 19
7 மே 2019, செவ்வாய்க்கிழமை, மாலை 6.00 மணி

ஓர் இரத்தக்குழாயில் அடைப்பு. இப்போதைக்கு மாத்திரை போதும். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். தாமதமாகியிருந்தால் என்று மருத்துவர் தொடங்கி, வடிவின் முகத்தைப் பார்த்து, வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். சேமிப்பில் ஒரு பகுதியை முறித்துக் கட்டணம் செலுத்தினேன்.

வீட்டுக்கு வந்து படுத்ததும் வடிவு தன் தலையணைக்கடியிலிருந்து அந்த வெள்ளைத்தாளை எடுத்துக் கொடுத்தாள். ஒரு பக்கம். பென்சிலில். "இதையும் சேத்து அனுப்புங்க. திருத்தாதீங்க" என்றாள்.

வாசித்தேன். பிறகு அலமாரியிலிருந்து 2018ஆம் ஆண்டு நாட்குறிப்பை எடுத்து ஒரு பக்கத்தைப் பார்த்தேன். பிறகு அடுக்களைக்குப் போய் அவளுக்குக் கஞ்சி வைத்தேன். உப்பு கூடிவிட்டது. குடித்தாள்.

குறிப்பு எண் 20
10 மே 2019, வெள்ளிக்கிழமை, காலை 5.50 மணி

இன்று பத்து மணிக்கு ஜெபராணி வந்து எடுத்துச் செல்வார். வடிவுக்கு வாசித்துக் காட்டி, அவள் சொன்ன இரண்டு இடங்களை மாற்றியபின் எழுதிய கடிதத்தின் நகல்:

மதிப்பிற்குரிய காப்பீட்டு ஏற்பு அதிகாரி அவர்களுக்கு,

என் மனைவி திருமதி வடிவம்மாள் மருத்துவக் காப்பீடு கோரி அளிக்கும் முன்மொழிவுப் படிவத்துடன் இக்கடிதம் இணைக்கப்படுகிறது. அவருக்காக 9 ஏப்ரல் 2019 அன்று நிரப்பப்பட்ட வேறொரு படிவத்தில் ஏழாவது கேள்விக்கு 'இல்லை' என்று விடையளிக்கப்பட்டிருந்தது. அந்த விடையைச் சொன்னவன் நான். என் மனைவியிடம் கேட்காமல் சொன்னேன். அது தவறான விடை என்பதை அப்போதே நான் அறிந்திருந்தேன். எங்கள் தரகர் திருமதி ஜெபராணி அதை அனுப்ப மறுத்தார். அவர் செய்தது சரி.

என் மனைவிக்கு இதய இரத்தக்குழாயில் அடைப்பு இருப்பது இப்போது கண்டறியப்பட்டுள்ளது. இந்நோய்க்கு நான்காண்டுக் காத்திருப்புக் காலம் விதிப்பதாயின் அதற்கு அவர் சம்மதிக்கிறார். ஜூன் முதல் தேதியுடன் அவருக்குச் சான்றிதழ்படி அறுபத்தைந்து வயது நிறைவடைகிறது என்பதால், தங்கள் முடிவை அதற்குள் தெரிவிக்க வேண்டுகிறோம். முடிவு எதுவாயினும் அவருடைய சிகிச்சை தொடரும்.

தங்கள் உண்மையுள்ள,
ச. ஆவுடைநாயகம்

இணைப்புகள்:

1. புதிய முன்மொழிவுப் படிவம். விடைகள் அனைத்தும் என் மனைவி சொல்ல எழுதப்பட்டவை. ஏழாவது கேள்விக்கு விடை: உண்டு.

2. 9-4-2019 நாளிட்ட பழைய படிவம், குறுக்குக் கோடிட்டு நீக்கப்பட்டது.

3. பள்ளிச் சான்றிதழ், ஆதார் அட்டை நகல்கள்.

4. ஓடுபொறிச் சோதனை, எக்கோ, ஆஞ்சியோகிராம் அறிக்கைகள், மருத்துவரின் சீட்டு.

5. என் 2019 நாட்குறிப்பில் ஆறு பக்கங்களின் நகல். அறிகுறிகளை நான் முதலில் கவனித்த நாள் 3-3-2019. பக்க ஓரத்தில் உள்ள பென்சில் புள்ளிகள் தரகர் இட்டவை. அவை அழிக்கப்படவில்லை.

6. என் 2018 நாட்குறிப்பில் 11 ஆகஸ்டு, ஆடி அமாவாசை நாளின் பக்கம், நகல். பாபநாசத்தில் நீராடித் திரும்பிய அன்று எழுதியது. அதில் 'மாலை 4.10 பேருந்து தவறியது. காரணம்: வடிவு படித்துறையில் தாமதம்' என்று மட்டுமே உள்ளது.

7. என் மனைவி தம் கைப்பட எழுதிய ஒரு பக்கம், மூலப்படி. நெஞ்சுவலி முதன்முதலில் வந்தது மேற்கண்ட ஆடி அமாவாசையன்று, படித்துறையின் ஒன்பதாம் படியில் என்று அவர் எழுதியிருக்கிறார். இது என் பதிவுகளுக்கு இருநூற்று நான்கு நாட்கள் முந்தையது. இரண்டுக்கும் வேறுபாடு இருப்பதால், அவர் எழுதிய நாளையே சரியென்று கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.